சுடும் மூடிக்கு ஓர் இடம்



இன்று ஒரு சின்ன விஷயம் பேசப் போகிறோம். அடுப்பில் உலை கொதிக்கிறது. மூடியைத் திறக்கிறோம். திறந்த மூடியை எங்கே வைக்கிறோம்?

"இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே உங்கள் கைகளையும் கொஞ்சம் பாருங்கள். விரலில், மணிக்கட்டில், முழங்கையில் பழைய தழும்பு இருக்கிறதா? அது எப்படி வந்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

பார்த்தீர்களா! தழும்பு இல்லாத கையே இங்கு குறைவு. "சமைக்கிற கை என்றால் சுடத்தான் செய்யும்" என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பட்டறையில் ஒருவருக்குச் சூடு பட்டால் அதை விபத்து என்கிறோம். இனி நடக்காமல் இருக்க வழி தேடுகிறோம். அடுப்படியில் சூடு பட்டால் மட்டும் அது தலைவிதியா? இல்லை. அதுவும் விபத்துதான். அதையும் தடுக்க முடியும்.

நம் தாராவி வீடுகளை எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் ஒரே அறைதான். சமையல் அங்கேதான். படுக்கை அங்கேதான். பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். கடப்பாக்கல் மேடையில் அடுப்பை வைத்து, மசாலா டப்பாவையும் தண்ணீர்க் குடத்தையும் வைத்தால் மேடை நிறைந்துவிடும். மூடிக்கு இடமில்லை.

அதனால் என்ன செய்கிறோம்? சிலர் தரையில் வைக்கிறோம். தவழும் குழந்தை அதைப் பிடித்துவிடும். ஓடி வரும் பிள்ளை மிதித்துவிடும். சிலர் சிலிண்டர் தலையில் வைக்கிறோம். மூடி சரிந்து ரப்பர் குழாயின் மேல் விழுந்தால் குழாய் கெட்டுவிடும். சிலர் பிளாஸ்டிக் டப்பா மேல் வைக்கிறோம். டப்பா இளகிவிடும். சிலர் ஒரு கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிண்டுகிறோம். சூடு தாங்காமல் மூடி நழுவினால் அது காலில் விழும்.

இன்னொன்று. ஈரமான மூடியைக் கவிழ்த்துத் தரையில் வைத்தால் தரையின் அழுக்கு அதில் ஒட்டும். அதே மூடியை மறுபடி பாத்திரத்தில் போடுகிறோம். அழுக்கு குழம்புக்குள் போகிறது. கரப்பான் பூச்சி ஓடிய தரை அது. மறந்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு கேள்வி. கொதிக்கும் தண்ணீர் அதிகம் சுடுமா, ஆவி அதிகம் சுடுமா? தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அதிலிருந்து எழும் ஆவியும் 100 டிகிரிதான். ஆனாலும் ஆவிதான் அதிகம் சுடும். ஏன் தெரியுமா?

30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிக்க வைக்க 70 கலோரி வெப்பம் போதும். கொதித்த பிறகு அதை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். ஆவி கையில் பட்டதும் தண்ணீராக மாறுகிறது. அப்போது அந்த 540 கலோரியையும் கையில் இறக்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு நொடியில் தோல் வெந்துவிடுகிறது.

ஆகவே மூடியைத் திறக்கும்போது நமக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பை முதலில் தூக்குங்கள். ஆவி அந்தப் பக்கம் போகும். முகத்துக்கு வராது. நம் வீடுகளில் தட்டைத்தான் மூடியாகப் போடுகிறோம். தட்டுக்குப் பிடி கிடையாது. இடுக்கியால் பிடியுங்கள். அல்லது தடித்த பருத்தித் துணியை மடித்துப் பிடியுங்கள். துணி காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியில் சூடு சீக்கிரம் ஏறும். முந்தானையால் பிடிக்கவே கூடாது. நைலான், பாலியஸ்டர் புடவை சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, மூடியை எங்கே வைப்பது? நான்கு வழி சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு எது சரிப்படுமோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. மேடையின் உட்பக்கம், சுவரை ஒட்டி, விளிம்பு உயர்ந்த ஒரு பழைய தட்டை வையுங்கள். அது மூடிக்கு மட்டும்தான். மூடியில் இருந்து வடியும் தண்ணீர் அந்தத் தட்டிலேயே நிற்கும். தினமும் கழுவினால் போதும்.

இரண்டு. மேடையில் இடமே இல்லையா? சுவரில் இடம் இருக்கும். தட்டுகளை நிறுத்தி வைக்கும் சின்னக் கம்பி ஸ்டாண்டை ஆணியில் மாட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். எடுக்கப் போகும் கையில் நெருப்பு படும். பக்கத்தில் மாட்டுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

மூன்று. ஊரில் நம் பாட்டி பானைக்கு அடியில் பிரிமணை வைப்பார். வைக்கோல் புரியில் செய்த வளையம் அது. இங்கே வைக்கோல் கிடைக்காது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, முறுக்கி, வளையமாகத் தைத்துவிடுங்கள். காலியான ஒரு பாத்திரத்தின் மேல் அதை வைத்து, அதன் மேல் மூடியை மல்லாத்தி வையுங்கள். ஆடாது. வளையம் அடுப்பை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

நான்கு. அடிக்கடி திறக்காதீர்கள். மூடி பாத்திரத்தின் மேலேயே இருந்தால் வேறு இடம் தேட வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வையுங்கள். சூடு வெளியே போகாது. கேஸும் மிச்சம்.

எதைச் செய்தாலும், அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே மூடிக்கு இடத்தை ஒதுக்குங்கள். மூடி கையில் சுடும்போது இடம் தேடினால் எதுவும் கிடைக்காது.

ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். மகனைக் கூப்பிடுங்கள். சாப்பாடு எல்லோருக்கும்தான். அடுப்படியைச் சரிசெய்வதும் எல்லோர் வேலைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் சூடு பட்டுவிட்டால் என்ன செய்வது? உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரமா? குடத்துத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். வீங்கும் முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். பற்பசை, மை, மாவு, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். குழந்தைக்குப் பட்டாலோ, முகத்தில் பட்டாலோ, காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ தாமதிக்காதீர்கள். சயான் மருத்துவமனை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் எத்தனை மூடி இருக்கிறது என்று எண்ணுங்கள். பிள்ளையின் ஸ்கேலை வாங்கிப் பெரிய மூடியின் அகலத்தை அளந்து பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். அதன் கீழே, "எங்கள் வீட்டில் சுடும் மூடிக்கு இடம் இது" என்று ஒரு வரி எழுதிக் கொண்டு வாருங்கள். நாம் எழுத்துக் கற்றது இதற்கும்தான்.