வீட்டைச் சுற்றி ஒரு விளைநிலம்



யாழ்ப்பாணத்திலே தோட்டம் என்றால், வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் நிலம் நினைவுக்கு வரும். பதுளையிலோ பசறையிலோ அப்புத்தளையிலோ அதே சொல்லைச் சொன்னால், மலைமுகடு வரை விரிந்து கிடக்கும் தேயிலையே மனக்கண்ணில் தோன்றும். தோட்டத்திலே பிறந்து, தோட்டத்திலே உழைத்து, தமக்கென்று ஒரு தோட்டம் இல்லாது வாழ்ந்த மக்களின் வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஊவா மாகாணத்து மலைச்சரிவிலே, வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தை உணவு தரும் சோலையாக அமைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது பொழுதுபோக்குக்குரிய பொருளன்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மலையகத்தைப் பஞ்சம் வாட்டியபோது, கடையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட துயரத்தை முதியோர் இன்றும் மறக்கவில்லை. 2022 செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 17 வீதத்தினரே வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறங்களிலோ அது 32 வீதத்தை நெருங்கியது. தேயிலை விளைந்த மலையிலே குழந்தைக்குக் கீரை கிட்டவில்லை என்பதே இதன் பொருள்.

நிலம் எங்கே என்று கேட்பீர்கள். லயத்துக் காம்பிராவில் வாழ்பவருக்கு வாசலை ஒட்டிய சில அடி மண்ணே உண்டு. அண்மைக் காலத்து வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் நிலமும் அதிலே 550 சதுர அடி வீடும் பலருக்குக் கிடைத்திருக்கின்றன. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் நடைபாதையும் போக, 1,000 சதுர அடியேனும் பயிருக்கு எஞ்சும். ஒரு குடும்பத்தின் நெல்லுக்கு அது போதாது. ஆனால் கீரைக்கும் காய்க்கும் பழத்துக்கும் அது பெருநிலமே.

சரிவு நிலத்திலே முதலில் வகுக்க வேண்டியது பயிருக்கான இடமன்று, நீருக்கான வழியே. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயங்களின் மீது மலை சரிந்த கொடுமையை நாடு அறியும். ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை எவரும் அலட்சியம் செய்யலாகாது. வீட்டின் மேற்புறத்திலே குழி தோண்டி நீரைத் தேக்குதல் தகாது. மேலிருந்து வரும் நீரைக் கான் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பி, உறுதியான வடிகாலிலே சேர்த்தல் வேண்டும். பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே அமைய வேண்டும். அவற்றின் கீழ்விளிம்பைக் கல்லடுக்கோ சேரைப் புல்லோ காக்கட்டும்.

அடுத்தது காற்று. ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலோ மலை கடந்து இறங்கும் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது அக்காற்றே; இளங்கன்றை வாட்டுவதும் அதுவே. எனவே மேற்கு எல்லையிலே கிளிரிசீடியாவை வேலியாக நடுங்கள். அதன் தழை உரமாகும். அதன் தண்டிலே மிளகுக்கொடி படரும். நிலையான கன்றுகளை ஒக்டோபர் மழையோடு நட்டால், வேனில் வருமுன் அவை வேர் பிடித்துவிடும்.

பயிரை அடுக்கடுக்காக எண்ணுதல் நன்று. கண்டிப் பகுதியின் பழைய வீட்டுத்தோட்டங்கள் இம்முறையிலே அமைந்தவை. எல்லையோரத்திலே, கூரைக்கு எட்டாத தொலைவிலே, ஒரு பலாவும் ஓர் ஆனைக்கொய்யாவும். அவற்றுக்குக் கீழே வாழை, கொய்யா, பப்பாசி. வெயில் படும் பாத்தியிலே கத்தரி, மிளகாய், போஞ்சி. நிழலிலே இஞ்சி, மஞ்சள், சேம்பு. சமையலறை நீர் வழியும் இடம் வாழைக்குரியது. ஈரம் நிலைக்கும் மூலையிலே வல்லாரை தானே படரும்.

உயரத்துக்கேற்பவும் தெரிவு மாறும். ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை நகரிலும் அதற்குக் கீழே மொனராகலைப் பக்கத்திலும் முருங்கை செழிக்கும். 1,200 மீற்றரைத் தாண்டிய பண்டாரவளையின் குளிரிலே அது தளரும். அங்கே கோவா, லீக்ஸ், மரத்தக்காளி ஆகியவை நன்கு வளரும்.

கீரைப் பாத்தி சமையலறை வாயிலுக்கு அருகிலேயே இருக்கட்டும். நாள் முழுவதும் கொழுந்து பறித்துத் திரும்பும் தாய், உலை கொதிக்கும்போது கைநீட்டிப் பறிக்கக் கூடியதாக இருந்தாலன்றிக் கீரை கறிச்சட்டியை அடையாது. பொன்னாங்காணியும் முளைக்கீரையும் இரும்புச்சத்து உடையவை. சுண்டலிலே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அச்சத்து உடலிலே நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். நம் கையால் பறித்த தேயிலையே ஆயினும், உணவுக்குப் பின் ஒரு மணி நேரமேனும் அது காத்திருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. கீரை ஒரு மாதத்திலே பலன் தரும். பலா பல ஆண்டுகள் கேட்கும். நாளை இவ்விடத்திலே இருப்போமா என்று அறியாதவன் கீரையை மட்டுமே விதைப்பான். தன் மண் என்ற உறுதி உடையவனே பலாவை நடுவான். ஆகவே காணியுறுதி என்பது வெறுங்காகிதமன்று. மரம் நடும் துணிவு அதிலேதான் பிறக்கிறது. அவ்வுறுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிட்டுதல் வேண்டும். அது கிட்டும் வரை வாசல் மண்ணிலே ஒரு கீரைப் பாத்தியாவது பசுமையாக இருக்கட்டும்.