தாமிரம் தாமிரம்தான்!
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"அண்ணே, விலை கூடின ஸ்பீக்கர் ஒயர் போட்டா வீட்டு ஸ்டீரியோ நல்லாக் கேக்குமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நாம் இங்கே படித்த ஓம் விதியே இதற்குப் பதில் சொல்லும்.

1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர், 5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர். மின்தடை ஏறக்குறைய 0.12 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். குறைகிற ஒலி 0.12 டெசிபல்தான். பாட்டுக் கேட்கிற காதுக்கு அது தெரியாது.

தூரம் கூடினால் கதை வேறு. நம்ம ஊர்த் திருவிழாக்களில் தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் மைக்செட்காரர் என்ன செய்கிறார்? விலை கூடின ஒயரையா தேடுகிறார்? 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மர் வைக்கிறார். மின்னழுத்தம் கூடுகிறது, மின்னோட்டம் குறைகிறது, சாதாரண ஒயரே போதுமாகிறது.

2007இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஒயரைக் காதால் மட்டும் பிரித்தறிந்தால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை. பரிசையும் யாரும் வாங்கவில்லை.

எனவே தம்பிகளே, ப்ளஸ் மைனஸ் மாறாமல் கட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பாஸ் அடங்கிப்போகும். முனைகளை இறுக்குங்கள். மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்கள். எதையும் நம்புமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரி நமக்குத் தந்த சொத்து அதுதானே!