மாவட்டப் பஞ்சாயத்துக்கு முதல் வேட்புமனு

பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்ததும் வெற்றி பெற்றோரின் தொகை கணக்கிடப்படுகிறது. அவர்களுள் மகளிர் எத்தனை பேர், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் எத்தனை பேர், இளைஞர் எத்தனை பேர் என்றெல்லாம் பட்டியல்கள் வருகின்றன. முதன்முறையாக வேட்புமனுவைக் கையிலெடுத்து, அதை நிரப்பி, உரிய அதிகாரியிடம் சேர்ப்பித்து, பின்னர் வாக்காளரின் வாசலில் போய் நின்றவரைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழுவதில்லை. அவர் வென்றிருக்கலாம், தோற்றிருக்கலாம். ஆயினும் அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் யாரை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டதோ அந்த மனிதர் அவரே. அவருடைய நிலையைப் பீகார் மாநிலத்தின் மாவட்டப் பஞ்சாயத்தை, அதாவது ஜில்லா பரிஷத்தை, எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவதே இவ்வுரையின் எல்லை.

பீகாரைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அம்மாநிலத்தில் 1978ஆம் ஆண்டில் பஞ்சாயத்துத் தேர்தல் நடைபெற்றது. அடுத்த தேர்தல் 2001ஆம் ஆண்டில்தான் நடந்தது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று விதித்த பின்னரும் அங்கே எட்டாண்டுகள் கடந்தன. 1978இல் பிறந்த குழந்தை 2001இல் 23 வயது இளைஞர். பஞ்சாயத்து வேட்பாளராவதற்கு 21 வயது போதுமாதலால், தம் வாழ்நாளில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தலைக்கூடக் கண்டிராத ஒருவர் நேரே வேட்பாளராகவே நிற்கும் தகுதியைப் பெற்றிருந்தார். அந்த ஆண்டில் பீகாரின் சிற்றூர்களில் ஏறக்குறைய எல்லோருமே முதன்முறை வேட்பாளர்கள் என்றால் அது மிகையாகாது. எப்படி மனுச் செய்வது, எப்படி வாக்குக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய மூத்த தலைமுறையின் நினைவிலும் அது மங்கிப் போயிருந்தது. தேர்தல் நடவாத 23 ஆண்டுகளில் சாலையும் பள்ளியும் மட்டும் பின்தங்கவில்லை; பதவிக்குப் போட்டியிடும் பழக்கமே பின்தங்கிவிட்டது. முன்னவற்றை நிதியைக் கொண்டு ஈடு செய்துவிடலாம். பழக்கத்தை அவ்வாறு ஈடு செய்ய இயலாது.

2001ஆம் ஆண்டுத் தேர்தலில் உறுப்பினர் இடங்களில் மகளிர்க்கு ஒதுக்கீடு இருந்தது. தலைவர் பதவிகளுக்கு இல்லை. 2006ஆம் ஆண்டில் புதிய பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, நாட்டிலேயே முதன்முதலாக, எல்லா நிலைகளிலும் மகளிர்க்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. மிகவும் பிற்பட்ட வகுப்பினர்க்கும் இடம் வகுக்கப்பட்டது. இவ்வாறு ஒரே தேர்தலில் பல்லாயிரம் புதியவர்கள் களத்திற்கு வந்து சேர்ந்தனர்.

புதியவர் ஒருவர் எந்தப் பதவிக்கு மனுச் செய்வார்? பீகார் வாக்காளர் ஒரே நாளில் ஆறு வாக்குகள் அளிக்கிறார். வார்டு உறுப்பினர், முகியா எனப்படும் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், பஞ்சாயத்து சமிதி உறுப்பினர், ஜில்லா பரிஷத் உறுப்பினர் ஆகிய நால்வரோடு, கிராமக் கச்சேரி என்னும் ஊர் நீதிமன்றத்திற்கு ஒரு பஞ்ச், ஒரு சர்பஞ்ச் ஆகியோரையும் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். 2021இல் பதினொரு கட்டங்களாகத் தேர்தல் நடந்தபோது முதல் நால்வர்க்கும் மின்னணு இயந்திரமும், கச்சேரிப் பதவிகள் இரண்டுக்கும் வாக்குச் சீட்டும் பயன்பட்டன. ஆறு பதவிகளுக்கும் ஆறு சின்னங்களை நினைவில் கொண்டு வாக்காளர் சாவடிக்குள் நுழைகிறார். முகியா யார் என்பதே ஊரில் எரியும் கேள்வி. ஜில்லா பரிஷத்துக்கு நிற்பவரின் பெயர் அந்த ஆரவாரத்தில் எளிதில் மறைந்துபோகிறது.

அளவையும் நோக்க வேண்டும். சட்டம் வகுத்துள்ள அளவுகோலின்படி ஒரு வார்டு சுமார் 500 மக்களைக் கொண்டது. ஒரு கிராமப் பஞ்சாயத்து சுமார் 7,000. ஜில்லா பரிஷத் தொகுதி சுமார் 50,000. எனவே மாவட்டத் தொகுதி ஒன்று நூறு வார்டுகளுக்குச் சமம். ஏழு கிராமப் பஞ்சாயத்துகள் அதனுள் அடங்கும். வார்டுக்கு நிற்பவர் வாக்காளரை உறவுமுறை சொல்லி அழைக்கிறார். முகியா பதவிக்கு நிற்பவர் அவர்தம் குடும்பங்களை அறிவார். ஜில்லா பரிஷத் வேட்பாளரோ தாம் ஒருமுறையும் கால் வைத்திராத ஊர்களில், தம்மை அறியாத மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டியவராகிறார். பீகாரில் பஞ்சாயத்துத் தேர்தல்கள் கட்சிச் சார்பின்றி நடைபெறுவதால், அறிமுகமற்ற வேட்பாளருக்கு அறிமுகம் தரக்கூடிய கட்சிச் சின்னமும் அவருக்கு இல்லை. கட்சிகள் விலகி நிற்பது ஊரின் ஒற்றுமைக்கு நல்லது என்பர். ஆனால் ஏழு பஞ்சாயத்துகளைச் சுற்றிவரத் தேவையான வண்டியையும் ஆட்களையும் கட்சி தராதபோது வேறு யார் தருவார் என்ற வினாவுக்கு அவ்வாதத்தில் விடை இல்லை. நிலமும் ஒப்பந்தத் தொழிலும் உள்ள குடும்பங்களே பெரும்பாலும் விடையாக முன்வருகின்றன.

இனி மனுத் தாக்கல். மற்றப் பதவிகளுக்கு வட்டார அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். ஜில்லா பரிஷத்துக்கு உட்கோட்ட அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். மகளிர்க்குக் கட்டணச் சலுகை உண்டு. பயணத்திற்குச் சலுகை இல்லை. தொகுதியின் வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். சொத்து, கடன், வழக்கு பற்றிய உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். ஒதுக்கப்பட்ட தொகுதியாயின் சாதிச் சான்றிதழும் வேண்டும். சாதி பிறப்பை ஒட்டியே கொள்ளப்படுவதால், மணமாகி வேற்றூரில் வாழும் பெண் பிறந்த வீட்டு ஆவணங்களைத் தேடிப் போக நேர்கிறது. தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், வாக்காளர் பட்டியலில் வயது வேறாக இருந்தாலும், பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை. பழைய வேட்பாளர் இவற்றையெல்லாம் மாதங்களுக்கு முன்பே திருத்தி வைத்திருப்பார். புதியவரோ, அறிவிப்பு வெளியானபின், எஞ்சியிருக்கும் சில நாட்களில் ஓடித் திரிகிறார்.

தவறாக மனு தள்ளப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாமே என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 243-ஓ பிரிவு, பஞ்சாயத்துத் தேர்தல் எதையும் தேர்தல் மனு மூலமாகவன்றி வேறு வகையில் எதிர்த்து வழக்காடக் கூடாது என்கிறது. அம்மனுவும் தேர்தல் முடிந்தபின்னரே இயலும். தேர்தல்கள் தடையின்றி நடந்தேற இவ்விதி இன்றியமையாததுதான். பீகாரின் 23 ஆண்டுகளை நினைத்தால் அதைக் குறைகூற மனம் வராது. எனினும் அதன் சுமை, வழக்கறிஞரை அமர்த்தி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க இயலாதவர் மேலேயே விழுகிறது.

பிற மாநிலங்களில் மனுவின் வாயிற்படி வேறு வகையில் உயர்த்தப்பட்டதுண்டு. ராஜஸ்தானில் 2014ஆம் ஆண்டின் இறுதியில், ஜில்லா பரிஷத் வேட்பாளர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 2019இல் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஹரியானாவில் 2015இல் கல்வித்தகுதியும் வீட்டில் கழிப்பறையும் வேட்பாளருக்கு நிபந்தனைகளாயின. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் கேட்கப்படாத பள்ளிச் சான்றிதழ், பள்ளியே எட்டாதிருந்த தலைமுறையின் பெண்களிடம் கேட்கப்பட்டது. பீகார் தன் பஞ்சாயத்துகளுக்கு அவ்வழியில் செல்லாதது பாராட்டத்தக்கது.

வெற்றி பெற்றபின் கிடைப்பது என்ன? இங்கும் மாவட்ட நிலையின் கதை தனித்தன்மை உடையது. 2015 முதல் 2020 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் பதினான்காவது நிதி ஆணையம் பரிந்துரைத்த மானியம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2016இல் குழாயும் வடிகாலும் கட்டித் தருவதாக வாக்களித்து ஜில்லா பரிஷத்துக்குள் நுழைந்த ஒருவர், அந்நிதியில் தமக்குச் சல்லிக்காசும் இல்லை என்பதைப் பதவியேற்றபின் உணர்ந்திருப்பார். அவருடைய தொகுதி மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கினருக்கே விடை சொல்ல வேண்டிய முகியாவிடம் பணம் இருந்தது. அவரிடம் இருக்கை இருந்தது. பதினைந்தாவது நிதி ஆணையம் இதை மாற்றி, மாவட்ட நிலைக்கு 5 முதல் 15 விழுக்காடு வரை பங்கு வகுத்தது. 2021-26 காலத்திற்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்திற்கும் உரியது. 2021இல் நின்ற புதிய வேட்பாளர் குடிநீர் பற்றிக் கொடுத்த வாக்குறுதி, முன்னவர் கொடுத்ததைக் காட்டிலும் பொருளுடையது எனலாம். இவ்வேறுபாட்டை அவரோ அவருடைய வாக்காளரோ தேர்தலுக்கு முன் அறிந்திருந்தனரா என்பது வேறு.

நிதியைவிட நெடுநாள் நிற்கக்கூடிய அதிகாரம் இன்னொன்று உண்டு. அரசியல் சட்டத்தின்படி அமையும் மாவட்டத் திட்டக் குழுவின் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர், மாவட்டப் பஞ்சாயத்து, நகராட்சிகள் ஆகியவற்றின் உறுப்பினர்களால் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எந்த வட்டாரத்திற்கு எப்பணி முதலில் என்ற உரையாடலில் சிற்றூரின் குரல் அக்குழுவின் வழியே நுழைய முடியும். கூட்ட நிகழ்ச்சிநிரலை முன்கூட்டியே படித்து, கணக்கைக் கேட்டு, அதிகாரியின் விடையை அடுத்த கூட்டத்தில் நினைவூட்டுபவருக்கே அந்த வாய்ப்புப் பயன்படுகிறது. முதல் இரண்டாண்டுகள் இதைக் கற்பதற்கே போதாது. உறுப்பினர் பெண்ணாயின் கூட்டத்திற்கு வருபவர் கணவரா அவரா என்ற கேள்வியும் எழுகிறது. கணவரின் நிழல் என்று ஏளனம் செய்வது எளிது. அந்நிழல் எத்தனை ஆண்டுகளில் விலகுகிறது என்று பொறுத்துப் பார்க்க வாய்ப்பளிக்கப்பட்டதா என்பதே கேட்கப்பட வேண்டியது.

ஒதுக்கீட்டுச் சுழற்சியின் சிக்கல் இவ்விடத்தில்தான் தோன்றுகிறது. ஒதுக்கப்பட்ட இடங்கள் தொகுதிகளிடையே சுழன்று வரலாம் என்று அரசியல் சட்டம் கூறுகிறது. எத்தனை காலத்திற்கு ஒருமுறை என்பதை மாநிலங்களுக்கு விட்டிருக்கிறது. ராஜஸ்தானில் மகளிர் இடங்கள் ஒவ்வொரு தேர்தலின்போதும் சீட்டுக் குலுக்கலால் முடிவாகின்றன. பீகாரில் இரண்டு தேர்தல்களுக்கு ஒருமுறையே சுழற்சி: 2006, 2011 தேர்தல்களுக்கு ஒரே பட்டியல், 2016, 2021 தேர்தல்களுக்கு மற்றொன்று. சிறிய நடைமுறை விவரமாகத் தோன்றும் இவ்வேற்றுமை, முதன்முறை வேட்பாளரின் வாழ்வையே மாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் குலுக்கல் நடக்கும் இடத்தில், தொழில் கற்றுக்கொண்ட உறுப்பினர், அடுத்த முறை தொகுதி பொதுவாகிவிட்டதைக் கண்டு, ஆண்களின் களத்தில் தமக்கு இடமில்லை என்று வீடு திரும்புகிறார். இருமுறை நிலைக்கும் இடத்தில், தாம் செய்ததற்கு வாக்காளரிடம் கணக்குச் சொல்ல அவருக்கு ஒரு தேர்தல் கிடைக்கிறது. கேட்டுப் பெற வாக்காளருக்கும் கிடைக்கிறது.

மேற்கு வங்காளத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு ஆதாரமாகிறது. 2009ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி, முந்தைய இரண்டு தேர்தல்களிலும் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்த பஞ்சாயத்துகளில், பெண்கள் போட்டியிடுவதும் வெல்வதும் மிகுந்தன. அங்கே ஆண் வாக்காளரின் கண் பெண் தலைமைக்குப் பழகியிருந்தது.

தோற்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006இல் ஜில்லா பரிஷத்துக்கு நின்று தோற்ற ஒரு பெண், 2011இலும் அதே தொகுதி மகளிர்க்கே உரியது என்பதை அறிவார். உட்கோட்ட அலுவலகத்தின் வழியும், உறுதிமொழிப் பத்திரத்தின் அமைப்பும், ஏழு பஞ்சாயத்துகளில் எவ்வூரில் தமக்கு வாக்கு விழுந்தது என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்கு ஐந்தாண்டுகள் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் சுய உதவிக் குழுக்கள் பெருகி, ஊர்விட்டு ஊர் சென்று கூட்டத்தில் பேசும் பழக்கமும் பெண்களிடையே பரவியது. சுழற்சி மெதுவாக நடப்பதில் குறையும் உண்டு. பதவியிலிருக்கும் குடும்பம் பத்தாண்டு வேரூன்றிவிடலாம். ஒதுக்கீடு எட்டாத தொகுதியின் பெண்கள் பத்தாண்டு காத்திருக்க நேரிடும். இவ்விரண்டையும் எடைபோட்டபின்னும், கற்றவரை ஐந்தாண்டில் கலைத்துவிடும் முறையைவிட இதுவே மேலானதாகத் தோன்றுகிறது.

பயிற்சித் துறையினர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசிய கிராம சுயராஜ்யத் திட்டம் உள்ளிட்ட அரசுப் பயிற்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நோக்கியவை. வேட்புமனுவில் இடறி விழுந்தவர் அவற்றின் வாசலை அடைவதேயில்லை. அறிவிப்பு வெளியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, மனுப் படிவத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் கிராம சபையில் ஒருமுறை உரக்கப் படித்து விளக்கலாம். எந்தப் பதவியிடம் எந்த நிதி இருக்கிறது என்பதையும் உடன் கூறலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு மாலைப்பொழுதும், படிவத்தை நன்கு அறிந்த ஓர் எழுத்தரும்தான். முன்னே ஒருமுறை நின்று தோற்றவர் அவ்வூரில் இருந்தால் எழுத்தரும் தேவையில்லை.