கவுனை மடிச்சு வெச்ச ஆறு வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிற ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அக்கா, ஒரு கம்பெனில ஆஃபர் வந்திருக்கு. வீட்ல கவர்ன்மென்ட் எக்ஸாம் எழுதுன்னு சொல்றாங்க. எங்க புரொஃபசர் எல்.எல்.எம். பண்ணச் சொல்றார். எதுக்குப் போறது?"

நான் அவருக்கு உடனே பதில் போடவில்லை. ஏன்னா எனக்கு இதே கேள்வி வந்தப்போ நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தேன்: சம்பளம். அது தப்புன்னு சொல்ல வரலை. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு பேப்பர் இருந்தது. அதை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கு அந்தப் பேப்பரைப் பத்திப் பேசலாம்.

நான் பார் கவுன்சிலில் பதிவு செய்தது 2013ல். தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியர். மாதம் 5,000 ரூபாய். காலையில் காஸ் லிஸ்ட் பார்க்கணும், கட்டைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்கு ஓடணும், ரிட்டன் ஆன மனுவைச் சரி பண்ணி மறுபடி தாக்கல் செய்யணும், காப்பி அப்ளிகேஷனுக்குப் பின்னாடி அலையணும். சீனியர் நல்லவர்தான். ஆனா ஹாஸ்டல் வாடகை அது பார்த்தா வருது? ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சேன். 2015ல் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை கிடைத்தது.

இதுக்கு நடுவில் ஒண்ணு சொல்லணும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை கொடுக்கணும்னு சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000. அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆனா அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. அதனால சேரும்போதே சீனியர்கிட்ட பணத்தைப் பத்திக் கேளுங்க. கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, அந்தப் பேப்பருக்கு வருவோம். பார் கவுன்சில் விதிகளில் 49ஆவது விதி என்று ஒண்ணு இருக்கு. வக்கீலாகத் தொழில் செய்கிறவர் எந்தத் தனிநபர், அரசு, நிறுவனத்திடமும் முழுநேரச் சம்பளத்துக்கு இருக்கக் கூடாது. அப்படி வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்கணும். அந்த வேலையில் இருக்கிற வரைக்கும் வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்கணும். என் கம்பெனி எச்.ஆர். "இது ஒரு ஃபார்மாலிட்டி மேடம்" என்று சொல்லி ஃபார்மை நீட்டினார். போட்டேன். கவுனை மடிச்சு டிரங்குப் பெட்டியில் வெச்சேன். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

2019ல் அப்பா போன் பண்ணினார். ஊர் திண்டிவனம் பக்கம். எங்க நிலத்துக்குப் போகிற வண்டிப் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் மறிச்சுட்டார். முன்சீஃப் கோர்ட்டில் வழக்கு. அப்பா ஊர் முழுக்க "என் பொண்ணு வக்கீல், மெட்ராஸ்ல இருக்கா" என்று சொல்லி வெச்சிருந்தார். வாய்தா அன்னைக்கு லீவு போட்டுப் போனேன். சுடிதார் போட்டுக்கிட்டு, பார்வையாளர் பெஞ்சில், கடைசியில் உட்கார்ந்தேன்.

அப்பா காதுக்குள்ள கேட்டார்: "நீயே எந்திரிச்சுப் பேசக் கூடாதாம்மா?"

"என்னால வக்காலத்து போட முடியாதுப்பா. நான் இப்ப வக்கீல் இல்லை."

அவருக்குப் புரியலை. "படிச்சிருக்கியே?" என்றார். வழக்கை நடத்தின உள்ளூர் வக்கீல் ஐயா நல்லாத்தான் நடத்தினார். கடைசியில் பாதையும் கிடைச்சது. ஆனா அன்னைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்த 49ஆவது விதியை முதல் தடவையா முழுசாப் படிச்சேன்.

இப்போ தம்பி கேட்ட மூணு பாதையையும் அந்த விதியை வெச்சுப் பார்க்கலாம்.

முதல்ல கார்ப்பரேட். இதுலயே ரெண்டு வகை இருக்கு. லா ஃபர்மில் சேர்ந்தால் பெரும்பாலும் உங்களை ஊழியர் என்று எழுத மாட்டாங்க, ரீடெய்னர் என்று எழுதுவாங்க. சம்பளம் இல்லை, தொழில் கட்டணம். டி.டி.எஸ். பிடிப்பாங்க. பி.எஃப். பெரும்பாலும் இருக்காது. ஆனா பதிவு உயிரோட இருக்கும். கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்ந்தால் பி.எஃப்., இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு, பதிவு தூங்கும். ரெண்டையும் "கார்ப்பரேட் லாயர்"னு ஒரே பேரில் சொல்றோம். சட்டத்தின் பார்வையில் ரெண்டும் வேற வேற.

இது வெறும் பேர் விஷயம் இல்லை. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கட்சிக்காரர் வக்கீலிடம் பேசுகிற பேச்சுக்கு, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆவது பிரிவு பாதுகாப்பு தருது. கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கிற சட்ட அதிகாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, 134ஆவது பிரிவின் கீழ் கிடைக்கிற ஓரளவு பாதுகாப்புதான் உண்டுன்னு கோர்ட் சொன்னது. காரணம் எளிமையானது. அவர் கோர்ட்டில் தொழில் செய்கிற வக்கீல் இல்லை. என் மேனேஜர் ஆறு வருஷம் என்னிடம் மனசு விட்டுப் பேசினது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ரெண்டாவது, அரசு. இங்கே ஒரு ஆச்சரியம். அரசுச் சம்பளம் வாங்கினாலும் எல்லாருக்கும் பதிவு போயிடாது. 2013ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அரசுக்காகக் கோர்ட்டில் நின்று வழக்கு நடத்துகிற அரசு வழக்கறிஞர், உதவி அரசு வழக்கறிஞர் எல்லாரும் வக்கீல்தான். யார் சம்பளம் கொடுக்கிறார் என்பதை விட, நீங்க கோர்ட்டில் வாதாடுறீங்களா என்பதுதான் கேள்வி. என் கூடப் படிச்ச ஒருத்தி டி.என்.பி.எஸ்.சி. எழுதி உதவி அரசு வழக்கறிஞர் ஆனாள். தினமும் கோர்ட், தினமும் சாட்சி விசாரணை. நான் ஏ.சி. அறையில் இருந்த வருஷங்களில் அவள் என்னை எங்கேயோ தாண்டிப் போயிட்டாள். ஆனா உயர் நீதிமன்றத்தில் அரசு தரப்பில் ஆஜராகிற பதவிகளில் பல, அரசு நியமிக்கிறவை. ஆட்சி மாறினா ஆளும் மாறுவது வழக்கம். அதையும் தெரிஞ்சுக்கிட்டு போங்க.

நீதிபதி ஆகணும்னு நினைக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். மாவட்ட நீதிபதியாக நேரடி நியமனம் பெற, அரசியல் சாசனத்தின் 233ஆவது பிரிவு வக்கீலாக ஏழு வருஷம் கேட்குது. நீதிபதி பானுமதி 1981ல் பதிவு செய்து, 1988ல் நம்ம மாநிலத்தில் அப்படி நேரடியாக மாவட்ட நீதிபதி ஆனவர். பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த ஏழு வருஷம் தொடர்ச்சியாக இருக்கணும்னும் தீபக் அகர்வால் தீர்ப்பு சொல்லுது. அதாவது 2013ல் தொடங்கின என் கணக்கு, நான் திரும்பி வந்த 2021ல் மறுபடி முதலிலிருந்து. சிவில் நீதிபதி தேர்வுக்கும் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மூணு வருஷத் தொழில் அனுபவம் வேணும். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலத்தையும் அதில் சேர்த்துக்கலாம்.

மூணாவது, கல்வி. எல்.எல்.எம்., நெட், அப்புறம் உதவிப் பேராசிரியர். ஆராய்ச்சி பண்ணணும், நிதானமாப் படிக்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு நல்ல இடம். ஆனா நீதிபதி நாற்காலிக்கு அங்கிருந்து வழி ரொம்பக் குறுகல். உச்ச நீதிமன்றத்துக்கு "புகழ்பெற்ற சட்ட அறிஞர்" என்று 124ஆவது பிரிவில் ஒரு கதவு வெச்சிருக்காங்க. அந்தக் கதவு வழியாக இதுவரை ஒருத்தரும் உள்ளே போனதில்லை. இன்னொரு பக்கம், தொழிலை விடாமலே பாடம் எடுக்க வழி இருக்கு. 1979ல் வந்த விதிப்படி ஒரு வக்கீல் ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் வரை சட்டம் சொல்லித்தரலாம். நான் இப்போ வாரத்தில் ரெண்டு நாள் அதைத்தான் செய்யறேன்.

மூணையும் ஒரே வாழ்க்கையில் பார்த்தவர் இல்லையான்னு கேட்டா, நம்ம கல்லூரி வாசல்லயே பேர் இருக்கு. அம்பேத்கர் 1923ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் ஆரம்பிச்சார், 1935ல் அங்கே அரசு சட்டக் கல்லூரி முதல்வர், 1947ல் நாட்டின் சட்ட அமைச்சர். அந்தப் பேர் போட்ட வாசலைத் தாண்டி அஞ்சு வருஷம் போயிட்டு வந்தும், ஒரு தடவை கூட நான் இதை யோசிச்சுப் பார்த்ததில்லை.

நான் திரும்பி வந்தது வெற்றிக் கதை இல்லை. வருமானம் பாதிக்கும் கீழே போச்சு. எனக்கு அஞ்சு வருஷம் ஜூனியராப் பதிவு செய்த பையன் கோர்ட்டில் என்னை விட நல்லாப் பேசறான். ஆனா கம்பெனியில் ஆறு வருஷம் ஒப்பந்தம் படிச்சது வீண் போகலை. இப்போ எனக்கு வர்ற கேஸ்களில் நிறைய அந்தப் பழக்கத்தால் வர்றதுதான். அங்கே போனதுக்கு நான் வருத்தப்படலை. தெரியாமல் போனதுக்குத்தான் வருத்தம்.

அதனால தம்பிக்கு என் பதில் இது. ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்த்துட்டு, கூடவே மூணு கேள்வி கேளுங்க. நான் ஊழியரா, ரீடெய்னரா? என் பதிவு என்ன ஆகும்? பத்து வருஷம் கழிச்சு நான் போக நினைக்கிற இடத்துக்கு இந்த வருஷங்கள் கணக்கில் வருமா? மூணுக்கும் பதில் தெரிஞ்சா, எந்த வேலைக்கு வேணும்னாலும் தைரியமாப் போங்க. வீட்டுக் கடன் இருக்கு, உடனே பணம் வேணும்னா கம்பெனிக்குப் போறதில் ஒரு வெட்கமும் இல்லை. நானும் அதுக்குத்தான் போனேன்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ, அப்பா ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தார். பட்டா விஷயம். "பொண்ணு பார்த்துக்குவா, இப்ப கவுன் போடுறா" என்றார். அந்த வக்காலத்தில் என் பேருக்குக் கீழே பதிவு எண்ணை எழுதினேன். அதே 2013ஆம் வருஷ எண்தான், மாறலை.

உங்க ஆஃபர் லெட்டர்ல புரியாத வரி ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சேர்ந்து படிக்கலாம்.