வெயிலும் நீரும் உரமும்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வெயிலைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுக்கலாம் என்ற செய்தியைப் படித்த உறுப்பினர் ஒருவர், "அக்கருவியை ஊராட்சிப் பணத்தில் நாமும் வைக்கலாமா?" என்று சென்ற கூட்டத்தில் வினவினார். அதற்கு விடை கூறுவது நம் கடமை.

இவ்வாயு உழவருக்கு அந்நியமன்று. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். உலகில் இன்று அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் கிடைக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 4½ கிலோ ஹைட்ரஜன் செல்லும். அதனைத் தண்ணீரிலிருந்து பிரித்தால் சுமார் 40 லிட்டர் செலவாகும். தூய்மை செய்யவும் குளிர்விக்கவும் ஆகும் நீர் தனி.

தண்ணீரின் மீது வெயில் பட்ட மாத்திரத்தில் வாயு பிரிந்துவிடாது. ஒளியைப் பற்றும் பொருள் ஒன்று இடையே வேண்டும். டைட்டானியம் டை ஆக்ஸைடு அதற்கு உதவும் என்று 1972இல் ஜப்பானிய அறிஞர்களான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். வெள்ளைப் பெயிண்டில் சேரும் பொருளே அது. ஆனால், அது புற ஊதாக் கதிரை மட்டுமே பற்றும். வெயிலில் அக்கதிர் நூற்றுக்குச் சுமார் 5 பங்கே.

அடுத்துக் கிரியா ஊக்கி வேண்டும். கிணற்று இராட்டினம் நீர் இறைப்பதை எளிதாக்கும், தான் செலவாவதில்லை. கிரியா ஊக்கியின் தொழிலும் அத்தகையதே. ஆயினும், இவ்வேலைக்கு நன்கு உதவும் பிளாட்டினம், ரோடியம் முதலியன விலை மிக்கவை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர் குழுவினர், அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தூளைத் தகடுகளில் பூசி, 100 சதுர மீட்டர் பரப்பில் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். பல மாதங்கள் அது இயங்கியது. எனினும், வெயிலின் ஆற்றலில் அதிகப்படியாக நூற்றுக்கு 0.76 பங்கே ஹைட்ரஜனாயிற்று. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கலந்தே வெளிவந்தன. சிறு பொறியிலும் வெடிக்கக்கூடிய கலவை அது.

ஆகவே, உறுப்பினரின் வினாவுக்கு விடை, "இப்போது வேண்டாம்" என்பதே. இக்கருவியைக் காட்டி எவரேனும் முன்பணம் கேட்பின் கொடாதீர்கள்.

ஆனால், சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் முறை இன்றே தொழிலாகி வருகிறது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது 2023இல் தொடங்கிய தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் குறிக்கோள். அத்தகைய ஆலை நம் பகுதிக்கு வருமாயின், நாளொன்றுக்கு எவ்வளவு நீர், எங்கிருந்து, கோடையில் யாருக்கு முதலிடம் என்ற மூன்றையும் கிராம சபையில் கேளுங்கள். வெயில் நமக்கு என்றும் குறைவதில்லை, குறைவது தண்ணீரே.