வாங்கும் முன் கண்ணைப் பாருங்கள்
(தோட்ட இளைஞர் கழகக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வேலையையும் பார்த்துவிட்டு இந்த நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டாமல் பேசுகிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது மீனைப் பற்றி. கறிக்கு வாங்கும் மீன் இல்லை. கண்ணாடித் தொட்டியில் வளர்த்து விற்கிற டிஸ்கஸ் மீன்.

கீழ்நாட்டுப் பக்கத் தோட்டங்களில் இப்போது நமது பிள்ளைகள் சிலர் அலங்கார மீன் வளர்க்கிறார்கள். கப்பி, மொலி என்று தொடங்கி டிஸ்கஸ் வரைக்கும் போகிறார்கள். முயற்சி நல்லது. ஆனால் டிஸ்கஸ் விலை கூடிய மீன். ஒரு தடவை தவறாக வாங்கினால் வீட்டுக் காசு போய்விடும். அப்படிப் போன ஒரு கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பிழையும் உண்டு.

நான் முன்பு வேலை செய்த தோட்டத்தில் நாலு தம்பிமார் சேர்ந்து சீட்டுக் காசை எடுத்துத் தொட்டி கட்டினார்கள். காசு போதாமல் ஒரு தம்பியின் அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். குஞ்சு வாங்க டவுனுக்குப் போகும்போது, "ஐயா, நீங்களும் வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓர் இடத்தில் பாதி விலைக்குக் குஞ்சு இருந்தது. இரண்டு அங்குலம் இருக்கும். "இரண்டு மாதக் குஞ்சு" என்றார் விற்றவர். "ஐயா, கண்ணு பெருசா, என்ன அழகா இருக்கு பாருங்க" என்றான் ஒரு தம்பி. நானும் தலையை ஆட்டினேன். பதினைந்து குஞ்சு வாங்கினோம்.

நாலு மாதம் தீனி போட்டார்கள், தண்ணீர் மாற்றினார்கள். மீன் சாகவில்லை, வளரவும் இல்லை. கடைசியில் மீன் வாங்கி அனுப்புகிற ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, இது குஞ்சு இல்லை. வளர்ச்சி நின்று போன மீன். நீங்கள் வாங்கும்போதே வயது கூடியிருக்கும். கண்ணைப் பாருங்கள்" என்றார். அழகு என்று நாங்கள் நினைத்த அந்தக் கண்தான் நோயின் அடையாளம்.

இது நமக்குத் தெரியாத விஷயமா? பிள்ளை மடுவத்தில் மாதா மாதம் பிள்ளையை நிறுத்து அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். பிள்ளை சிரிக்கிறது, விளையாடுகிறது, ஆனால் வயதுக்கேற்ற உயரமோ நிறையோ இல்லை என்றால் மருத்துவமாது விடுவாரா? "பிள்ளைக்கு என்ன வயது?" என்றுதான் முதலில் கேட்பார். மீனுக்கும் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. அளவை மட்டும் பார்க்கக் கூடாது. வயதோடு சேர்த்து அளவைப் பார்க்க வேண்டும்.

டிஸ்கஸ் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பக்கத்து மீன். தட்டுப் போல வட்டமாக இருப்பதால்தான் அந்தப் பெயர். தாய் மீனும் தகப்பன் மீனும் தங்கள் உடம்பில் ஊறும் வழுவழுப்பான பசையைக் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுக்கின்றன. முதல் சில கிழமை குஞ்சுகள் பெற்றோரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே மேயும். அதற்குப் பிறகு வரும் மாதங்கள்தான் முக்கியம். அந்த நேரத்தில் தொட்டியில் நெருக்கமாக அடைத்து வைத்தாலோ, தண்ணீர் மாற்றாவிட்டாலோ, தீனி போதாவிட்டாலோ, வயிற்றில் புழு இருந்தாலோ வளர்ச்சி நின்றுவிடும். பிறகு எவ்வளவு கொட்டிப் போட்டாலும் முழு அளவுக்கு வருவது அரிது. நாற்று மேடையில் கெட்ட நாற்றை மலையில் நட்டுவிட்டுப் பசளை போட்டு என்ன பலன்? அது போலத்தான்.

ஓரளவு கணக்கு இது. வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால், மூன்று மாதக் குஞ்சு இரண்டரை அங்குலம் அளவில் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் நான்கு அங்குலத்தை அண்டி வர வேண்டும். நன்றாக வளர்ந்த பெரிய மீன் ஆறு அங்குலம் வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பாதியாக இருக்கக் கூடாது.

இனி, தொட்டிக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தம்பிமார் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, கண். உடம்பு வளராமல் நின்றாலும் கண் வளர்ந்துகொண்டே போகும். அதனால் உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண் இருந்தால் அது வயது போன மீன். சின்னக் குஞ்சுக்கு இயல்பாகவே கண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஆகவே அதே அளவுள்ள பல குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு, உருவம். பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டும். முட்டை மாதிரி நீண்டு இருந்தால் வேண்டாம்.

மூன்று, நெற்றி. முன்பக்கமிருந்து பாருங்கள். நெற்றியும் முதுகும் சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும். கத்தி விளிம்பு மாதிரி ஒட்டிப்போயிருந்தால் அது பல நாளாகச் சாப்பிடாத மீன்.

நான்கு, மூச்சு. இரண்டு பக்கச் செவுளும் ஒரே அளவாக, அமைதியாகத் திறந்து மூட வேண்டும். ஒரு பக்கத்தால் மட்டும் மூச்சு விட்டாலோ, வேகமாக இளைத்தாலோ செவுளில் கிருமி இருக்கக்கூடும். செவுள் மூடி குட்டையாக, உள்ளே சிவப்புத் தெரியும்படி இருந்தாலும் எடுக்காதீர்கள்.

ஐந்து, மலம். வெள்ளை நூல் மாதிரித் தொங்கினால் குடலில் நோய் இருக்கலாம். அந்தத் தொட்டியில் ஒரு மீனையும் வாங்க வேண்டாம்.

ஆறு, நடத்தை. நல்ல குஞ்சு செட்டையை விரித்து, ஆளைக் கண்டதும் தீனிக்காக முன்னுக்கு வரும். உடம்பு கறுத்து, செட்டையை மடக்கி, மூலையில் தலை சாய்த்து நிற்கும் குஞ்சு சுகமில்லாதது. "அண்ணே, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை, காசு நம்முடையது.

ஏழு, நிறம். இரண்டு அங்குலக் குஞ்சு பெரிய மீன் மாதிரிப் பளபளவென்று இருந்தால் மயங்க வேண்டாம். நிறம் வர மருந்து கலந்த தீனி கொடுக்கிறவர்களும் உண்டு. அந்த நிறம் வீட்டுக்கு வந்த பிறகு போய்விடும். சில வகைகள் சிறு வயதிலேயே நிறம் காட்டும் என்பதும் உண்மை. அதனால் தாய் தகப்பன் மீனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

எட்டு, கூட்டாளிகள். ஒரு குஞ்சை மட்டும் பார்க்காமல் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒரே ஈட்டுக் குஞ்சுகள் ஓரளவு ஒரே அளவில் இருக்க வேண்டும். பெரியவை விற்றுப்போய் மிஞ்சிய கடைசிக் குஞ்சுகளைத்தான் பெரும்பாலும் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள்.

வாங்கினால் ஐந்தாறு குஞ்சாகச் சேர்த்து வாங்குங்கள். தனியாகவோ இரண்டாகவோ விட்டால் பயந்து ஒதுங்கும், அல்லது ஒன்று மற்றதைத் தின்ன விடாது. வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, சூடு சமமான பிறகு திறந்து விடுங்கள். முன்பே மீன் இருந்தால், புதியதை நாலு கிழமை வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள். வலையும் வாளியும் வேறு வேறாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பாவியுங்கள்.

மேல்நாட்டுத் தோட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மீனுக்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடான தண்ணீர் வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். இரவு பகல் ஹீட்டர் போட்டால் மின்சாரக் கட்டணம் இலாபத்தைத் தின்றுவிடும். லயத்துப் பழைய வயரில் அதைச் செருகுவது ஆபத்தும் கூட. உங்களுக்கு இந்த மீன் வேண்டாம் என்றே சொல்லுவேன். குளிர் தாங்கும் தங்க மீனைப் பாருங்கள். தொழில் ஆலோசனைக்கு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. காசு போடுவதற்கு முன் அங்கே கேளுங்கள்.

அந்த நாலு தம்பிமார் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஒரு வருடம் காசு சேர்த்து, மறுபடி ஆறு குஞ்சு வாங்கினார்கள். இந்தத் தடவை இரண்டு முறை சும்மா போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறைதான் காசை எடுத்தார்கள். ஒன்று செத்தது. ஐந்து வட்டமாக, நன்றாக நிற்கின்றன. ஆனால் அந்த அம்மாவின் தோடு இன்னும் அடகிலிருந்து வரவில்லை. அவரைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் குறுகும். அன்றைக்கு "வயது என்ன, தாய் மீன் எங்கே, தீனி போட்டுக் காட்டுங்க" என்று மூன்று கேள்வி நான் கேட்டிருந்தால் அந்தத் தோடு அவர் காதிலேயே இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுத் தோடும் சீட்டுக் காசும் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் இதைச் சொன்னேன். மலிவு என்று கை நீட்டுவதற்கு முன், ஒரு நிமிடம் நின்று அந்தக் கண்ணைப் பாருங்கள்.