சாம்பலில் கிடந்த எழுத்துகள்

1812, மார்ச் 11. கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் ஓர் அச்சகம் தீப்பற்றி எரிகிறது. விடிந்து பார்த்தால் காகிதக் கட்டுகள் சாம்பல், ஈய எழுத்துகள் உருகிக் கட்டி கட்டியாகக் கிடக்கின்றன. அச்சகத்தை நிறுவியவர்களில் ஒருவரான மிஷனரி வில்லியம் கேரி அன்று ஊரில் இல்லை. கல்கத்தாவில் வகுப்பு எடுக்கப் போயிருந்தார். அவருடைய பல வருட உழைப்பான பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும் மொழிபெயர்ப்புகளும் போய்விட்டன. அந்தக் காலத்தில் நகல் ஏது?

இங்கிலாந்தில் செருப்பு தைத்துப் பிழைத்தவர் கேரி. ஒரு விருந்தில் யாரோ இதைக் குத்திக்காட்ட, செருப்பு செய்பவன்கூட இல்லை, கிழிந்ததைத் தைப்பவன்தான் என்று சிரித்துக்கொண்டே திருத்தினாராம். தமக்கு மேதைமை எதுவும் இல்லை, விடாமல் நடக்கத் தெரியும், அவ்வளவுதான் என்பது தம்மைப் பற்றிய அவரது கணிப்பு. அடக்கத்துக்குச் சொன்னது என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே அவர் அப்படித்தான்.

சாம்பலைக் கிளறினார்கள். எழுத்து வார்க்க உதவும் எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. உருகிய ஈயத்தையே மறுபடி காய்ச்சி எழுத்து வார்த்தார்கள். எரிந்த மொழிபெயர்ப்புகளை முதல் வரியிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தார் கேரி; அப்போது வயது ஐம்பது. இரண்டாவது தடவை நடக்கும்போது பாதை பழகியிருக்கும் என்பது அவர் எண்ணம்.

இப்படி உழைத்து, 1814-இல் அவரது தெலுங்கு இலக்கணம் அச்சாகி வந்தது. அந்தப் பன்மொழி அகராதி மட்டும் கடைசிவரை முடியவே இல்லை.